ஆளுக்கொரு கேள்வி

"எல்லாரும் அப்படித்தான்" என்று யாராவது சொன்னால் அவளால் சும்மா இருக்க முடியாது. கையில் இருக்கும் வேலையை வைத்துவிட்டுத் திரும்பி, "எல்லாருன்னா யாரு யாரு? ரெண்டு பேரு சொல்லுங்க" என்பாள். குரல் உயராது. ஆனால் பதில் வரும்வரை பார்த்துக்கொண்டே இருப்பாள். எதிரில் இருப்பவர் அசடு வழிந்து பேச்சை மாற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

அவளைப் பெண் பார்க்க வந்தவர்களுக்கும் இதே கதிதான். அவள் வீடு பெண்ணாடத்தில். மாப்பிள்ளையின் சித்தப்பா காபியைக் குடித்துக்கொண்டே, "கல்யாணத்துக்கு அப்புறம் பொண்ணுங்க எல்லாம் வேலைய வுட்டுடறதுதானே வழக்கம்" என்று சொல்லியிருக்கிறார். இவள் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "உங்க வூட்ல யாரு வுட்டாங்க? அவங்கள நான் ஒரு வார்த்த கேக்கலாமா?" என்று கேட்டிருக்கிறாள். சித்தப்பாவின் மனைவி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாராம். டீச்சர் டிரெயினிங் முடித்துவிட்டு வீட்டோடு இருந்தவர். அந்த அம்மாள் தலையைக் குனிந்துகொண்டாராம். சம்பந்தம் அத்தோடு நின்றது.

"அந்தம்மா மொகத்தப் பாத்தப்பதான் சங்கடமா போச்சுக்கா" என்று என்னிடம் சொன்னாள். "நான் கேட்டதுக்கு இல்ல. இத்தினி வருஷமா அவங்கள யாரும் கேக்கலியேன்னு."

அவள் என்னைவிட ஏழெட்டு வயது இளையவள். விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்தாள். நான் பீங்கான் யூனிட் முதலாளிகள் சங்கத்தில் டைப்பிஸ்ட். இரண்டாயிரத்து எட்டு, ஒன்பது வாக்கில் சில மாதங்கள் எங்கள் ஆபீஸில் ஒரே அறையில் எதிரெதிர் மேசையில் உட்கார்ந்திருந்தோம். அவ்வளவுதான் பழக்கம். ஆனால் அதற்கு முன்னும் பின்னும் நான் பழகிய பலர் முகம் மறந்துபோக, இவள் மட்டும் அப்படியே நிற்கிறாள்.

கரும்பு சீசனில் பெண்ணாடம் சர்க்கரை மில்லுக்குப் போகும் டிராக்டர்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்கும். அவள் வரும் பஸ்ஸும் அதில் மாட்டிக்கொள்ளும். மற்றவர்கள் உள்ளே உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருக்க, இவள் இறங்கி டிராக்டர் வரிசையின் கடைசி வரை நடந்து, அங்கே விருத்தாசலத்துக்குத் திரும்பிப் போகக் காத்திருக்கும் ஏதாவது வண்டியில் ஏறி வந்துவிடுவாள். புடவையெல்லாம் புழுதியாக வந்து சேருவாள். ஒருநாளும் லேட் ஆனதில்லை.

அவள் எங்கள் ஆபீஸுக்கு வந்தது ஒரு மருத்துவ முகாமுக்காக. ஊரில் ஒரு தரும ஆஸ்பத்திரி நடத்திய டாக்டரம்மா, எல்லா யூனிட்டிலும் வேலை செய்பவர்களுக்கு நெஞ்சு சோதனை செய்து எக்ஸ்ரே எடுத்துத் தருவதாகச் சொல்லியிருந்தார். தொழிற்சாலை இன்ஸ்பெக்டரும் அப்படி ஒரு சான்று கேட்டுக்கொண்டிருந்ததால் சங்கம் உடனே ஒப்புக்கொண்டது. மூன்று நாள் முகாம். வருகிறவர்களின் விவரங்களை மூன்று கம்ப்யூட்டரில் பதிய வேண்டும், முடிவுகளை அச்செடுத்துத் தர வேண்டும். அந்தப் புரோகிராமை எழுதும் வேலை கம்ப்யூட்டர் சென்டருக்கு வந்தது. அங்கே புரோகிராம் எழுதத் தெரிந்தவள் இவள் ஒருத்திதான்.

அவள் பி.எஸ்ஸி. கணக்கு. பைத்தான் மொழியைத் தானாகவே, இறக்கி அச்செடுத்த தாள்களை வைத்துப் படித்தவள். அந்த மொழியில் வெப் பக்கங்கள் செய்வதற்கென்று தயாராக எழுதி வைத்த ஒரு சட்டகம், ஃப்ரேம்வொர்க் என்பார்கள், அப்போதுதான் பேர் வாங்கிக்கொண்டிருந்தது. காசு கொடுக்க வேண்டாம், உள்ளே என்ன எழுதியிருக்கிறார்கள் என்று திறந்தும் பார்க்கலாம். "அதுக்காகவே இத எடுத்தேன்க்கா. மூடி வெச்ச பொட்டிய நான் நம்ப மாட்டேன்" என்பாள்.

அந்த ஃப்ரேம்வொர்க்கில் ஒரு வசதி இருந்தது. ஒரு படிவத்தை எழுதிக் கொடுத்தால் அதையே பத்து முறை அடுக்கி ஒரே பக்கத்தில் தந்துவிடும். ஒரு யூனிட்டில் பத்துப் பேர் என்றால் பத்து வரிசை. ஒரே தடவையில் நிரப்பிச் சேமித்துவிடலாம். முதல் வாரத்திலேயே அதைச் செய்து காட்டிவிட்டாள். பேர், வயது, இருமல் உண்டா, மூச்சிரைப்பு உண்டா. பார்க்க அழகாக இருந்தது. எங்கள் செயலாளர் வந்து பார்த்துவிட்டு, "போதும்மா, இதே பிரமாதம்" என்றார்.

அவளுக்குப் போதவில்லை. டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்து, என்னென்ன கேட்க வேண்டும் என்று எழுதி வாங்கி வந்தாள். வேலைக்கு வேலை கேள்வி வேறு. வெங்கச்சங்கல் என்ற வெள்ளைக் கல்லை மாவாக அரைக்கும் உருளை இயந்திரமான பால்மில்லில் இருப்பவரிடம், எத்தனை வருஷம் தூசியில் நின்றீர்கள், மூக்கில் துணி கட்டுவீர்களா, முன்பு காசநோய் மாத்திரை சாப்பிட்டதுண்டா என்று கேட்க வேண்டும். மெருகு பூசுகிறவரிடம் கைத்தோல், வயிற்று வலி. சூளை அடியில் நிற்பவரிடம் கண், தலைசுற்றல்.

அங்கேதான் முட்டியது. அடுக்கிய பத்துப் படிவமும் ஒன்றுபோலவே வரும். 'இந்த வரிசை பால்மில் ஆளுடையது, அந்த வரிசை சூளை ஆளுடையது' என்று ஒவ்வொன்றுக்கும் தனியாகச் சொல்லி அனுப்ப அதில் வழி இல்லை. ஒரே ஒரு சேதியை முன்கூட்டியே படிவத்தோடு முடிந்து அனுப்பும் ஒரு தந்திரத்தை இன்டர்நெட்டில் யாரோ எழுதியிருந்தார்கள். செய்து பார்த்தாள். பத்து பேரும் பால்மில் ஆகிவிட்டார்கள்.

அந்தச் சமயத்தில் செயலாளரின் அக்காள் மகன் சென்னையிலிருந்து லீவில் வந்திருந்தான். பெரிய கம்பெனியில் சாஃப்ட்வேர் இன்ஜினியர். செயலாளர் அவனை அழைத்து வந்து உட்காரவைத்தார். நல்ல பையன்தான், மரியாதையாகவே பேசினான்.

"இது இப்படித்தாங்க மேடம் டிசைன் பண்ணியிருக்காங்க. ஒரு செட்னா எல்லா ஃபார்மும் ஒண்ணுதான். அது ஃப்ரேம்வொர்க்கோட ரூல். நீங்க எல்லாக் கேள்வியையும் எல்லாருக்கும் போட்டுடுங்க. தேவையில்லாதத ஸ்கிரீன்ல மறைச்சிடலாம்."

"மறைச்சு வெச்சா கேட்ட மாதிரி ஆவுமாங்க?"

"இல்ல, அது காலியா இருக்கும்."

"காலியா இருந்தா, கேட்டு இல்லன்னு சொன்னாங்களா, கேக்கவே இல்லியான்னு டாக்டரம்மாவுக்கு எப்படித் தெரியும்?"

"ரூல மீறிப் பண்ண முடியாதுங்க" என்றான்.

"சரிங்க. அந்த ரூலு எந்த ஃபைல்ல எழுதியிருக்குது?"

அவன் சிரித்தான். இவள் சிரிக்கவில்லை. அவன் போனதும் ஃப்ரேம்வொர்க்கின் உள்ளே இருந்த அந்த ஃபைலைத் தேடிப் பிடித்து, எங்கள் ஆபீஸ் பிரிண்டரில் கறகறவென்று அச்செடுத்தாள். அப்போது தினமும் பகலில் மணிக்கணக்காக கரண்ட் போகும். நாங்கள் விசிறியோடு வராந்தாவுக்குப் போய்விடுவோம். அவள் மட்டும் ஜன்னலோரம் தாளை விரித்து வைத்துக்கொண்டு பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருப்பாள்.

மூன்றாம் நாள் மத்தியானம், "அக்கா, இங்க பாருங்க" என்று கூப்பிட்டாள். எனக்கு அந்த எழுத்தில் ஒன்றும் விளங்கவில்லை. அவள் விரலை வைத்துச் சொன்னாள். "பத்து படிவத்தையும் ஒரே மூச்சுல செய்யறதில்ல. ஒண்ணு, ரெண்டுன்னு ஒவ்வொண்ணா எண்ணித்தான் செய்யுது. எண்ணுற எடம் இதுதான். எண்ணத் தெரிஞ்சா, இது எத்தினாவது ஆளுன்னு அதுக்குத் தெரியுதில்ல? அந்த எடத்துல நான் குறுக்க நின்னு, இந்த ஆளுக்கு இந்த வேலைன்னு கையில குடுத்து அனுப்பப்போறேன்."

ரூல் என்று ஒன்று எங்கும் எழுதியிருக்கவில்லை. யாரும் கேட்கவில்லை, அதனால் வழி வைக்கவில்லை. அவ்வளவுதான்.

புரோகிராம் உடனே ஓடிவிடவில்லை. எதிர்பாராத ஏதோ வந்திருக்கிறது என்று சிவப்பு எழுத்தில் திட்டியது. அதையும் ஒரு பகல் முழுக்கப் பார்த்தாள். ஒவ்வொரு படிவத்துக்கும் ஒரு மூலப் படிவம் உண்டு. தனக்கு வந்ததையெல்லாம் படிவம் அந்த மூலத்திடம் ஒப்படைக்கும். மூலத்துக்கோ பால்மில்லும் தெரியாது, சூளையும் தெரியாது. "அப்பனுக்குப் புரியாதத அப்பன்கிட்ட நீட்டினா கோவந்தான் வரும்" என்றாள். "நம்முளுத நாம எடுத்து மடியில முடிஞ்சிக்கிட்டு, மீதிய குடுத்துடணும்." அப்படியே செய்தாள். சிவப்பு எழுத்து போயிற்று. பத்து வரிசையும் பத்து விதமாகக் கேட்டன. அன்றைக்குத்தான் அவள் சிரித்து நான் பார்த்தேன்.

செயலாளர் அந்தப் பக்கத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கெட்ட மனிதர் என்று நான் சொல்ல மாட்டேன். என் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கார் அனுப்பியவர். ஆனால் அவருக்கும் ஒரு யூனிட் இருந்தது, அதில் ஒரு பால்மில் இருந்தது. கேள்வி வேலைவாரியாக இருந்தால் பதிலும் வேலைவாரியாக வரும், எந்த வேலையால் நோய் என்று வெளியே தெரியும் என்பது அவருக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. அவளிடம் நேராகச் சொல்லவில்லை. என்னைக் கூப்பிட்டார்.

"இந்தாம்மா, அந்தப் பொண்ணுகிட்ட சொல்லு. வேலைன்னு இருக்கிற எடத்துல எல்லாருக்கும் பொதுத் தொழிலாளின்னு போட்டா போதும். வீணா கொழப்பம் வாணாம்."

நான் போய்ச் சொன்னேன். அவள் என்னைப் பார்த்தாள். "இது நீங்க சொல்றதாக்கா, சார் சொல்றதா?"

"சார்தான் சொல்லச் சொன்னாரு."

"அப்ப சாரையே வந்து சொல்லச் சொல்லுங்க. நீங்க ஏன் தூக்கிக்கிட்டு வரீங்க?"

எனக்கு முகம் எரிந்தது. இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. குடும்பம், சம்பளம், பிள்ளையின் ஸ்கூல் என்று எனக்கு நானே ஆயிரம் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவளோ எதுவும் நடக்காதது போல, டீ வந்தால் என் கிளாஸை எடுத்து என் மேசையில் வைத்துவிட்டுப் போவாள். செயலாளர் வந்து சொல்லவே இல்லை. படிவமும் மாறவில்லை.

முகாம், ஒரு யூனிட்டின் சரக்குக் கொட்டகையில் நடந்தது. பீங்கான் பொம்மைகளையும் ஃபியூஸ் கட்டைகளையும் ஓரமாகத் தள்ளிவிட்டு மேசை போட்டிருந்தார்கள். முதலாளிகள் கொடுத்திருந்த பேர்ப் பட்டியல்படி ஆட்கள் வந்து போனார்கள். முதல் நாள் பதினோரு மணி வாக்கில், பட்டியலில் இல்லாத ஏழெட்டுப் பெண்கள் வந்து நின்றார்கள். சேத்தியாத்தோப்புப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள். மேஸ்திரி மூலமாகப் பால்மில்லில் தினக்கூலி. அவர்களில் அஞ்சலை என்பவளுக்கு நிற்க முடியவில்லை. வைக்கோல் கட்டின்மேல் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தாள்.

இவள் திரையில் இருந்த படிவப் பக்கத்தில் ஒரு வரிசையைக் கூடுதலாகச் சேர்த்தாள். பக்கம் ஓடாமல் அப்படியே விழுந்துவிட்டது. பட்டியலில் இருந்தவர்களுக்கு மட்டுமே வேலையைச் சொல்லி அனுப்பும்படி எழுதியிருந்தாள். பட்டியலைத் தாண்டி ஒருத்தி வருவாள் என்று அவளும் நினைக்கவில்லை. பட்டியல் முழுசு என்று செயலாளர் சொன்னதை நம்பியிருந்தாள்.

செயலாளர் எழுந்து வந்தார். "லிஸ்ட்ல இல்லாதவங்க போயிட்டு வாங்கம்மா. கம்ப்யூட்டரே எடுக்க மாட்டேங்குது பாருங்க."

பெண்கள் திரும்ப ஆரம்பித்தார்கள். போ என்றால் போய்ப் பழகியவர்கள்.

"யாரும் போவாதீங்க" என்றாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "தப்பு உங்களுது இல்ல. என்னுது. சரி பண்ணிட்டு கூப்புடறேன்."

"இந்தாம்மா, நான் சொல்றேன் இல்ல?"

"நீங்க சொன்ன லிஸ்ட்டாலதான் சார் இது விழுந்துது."

முதலாளிகள் நான்கைந்து பேர் அங்கே இருந்தார்கள். டாக்டரம்மா ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வெளியே வந்து பார்த்தார். அவள் விரல்கள் தட்டிக்கொண்டிருந்தன. நெற்றி வியர்வை கண்ணில் இறங்க, முந்தானையால் துடைத்துத் துடைத்துத் தட்டினாள். அரை மணி நேரம் ஆயிற்று. வேலை தெரியாத வரிசை வந்தால் விழாமல், 'என்ன வேலை செய்யறீங்க' என்ற ஒரு கேள்வியை மட்டும் முதலில் கேட்கும்படி மாற்றினாள். அதற்குப் பதில் போட்டால், அந்த வேலைக்கான மற்ற கேள்விகள் வரும்.

அஞ்சலையைத் தன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தாள்.

"என்னா வேல செய்யறீங்கம்மா?"

அஞ்சலை செயலாளரைப் பார்த்தாள். பிறகு மேஸ்திரியைப் பார்த்தாள்.

"அவங்கள பாக்காதீங்க. கேக்குறது நானு."

"மில்லுல கல்லுமாவு அள்ளிக் கொட்டறங்க. பதினோரு வருஷமா."

காசநோய் மாத்திரை சாப்பிட்டதுண்டா என்ற கேள்விக்கு, இரண்டு முறை முழுசாகச் சாப்பிட்டேன், இருமல் போகவில்லை என்றாள். எக்ஸ்ரேயையும் அந்தத் தாளையும் சேர்த்து வைத்துப் பார்த்த டாக்டரம்மாவுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அது காசநோயே இல்லை. கல்தூசி நுரையீரலில் படிந்த நோய். வேலை என்னவென்று யாரும் கேட்காததால், இல்லாத நோய்க்கு அவளுக்கு இரண்டு முறை மருந்து கொடுத்திருக்கிறார்கள். மூன்று நாளில் அதே மாதிரி இன்னும் சில பேர் வந்தார்கள். அத்தனை பேரும் பால்மில்.

முடிவுத் தாளில் வேலை என்ற கட்டத்தை எடுத்துவிட்டு இன்னொரு அச்சு கொடுக்கும்படி செயலாளர் கேட்டார். இந்தமுறை நேராகவே கேட்டார். முடியாது என்றாள். டாக்டரம்மா தன் பிரதியை இன்ஸ்பெக்டருக்கு அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு இரண்டு யூனிட்டில் தூசி இழுக்கும் மின்விசிறி வந்தது, ஈர முறையில் அரைக்க ஆரம்பித்தார்கள். மற்றவர்கள் இன்ஸ்பெக்டர் வரும் நாளில் மட்டும் மூக்குத்துணி கொடுத்தார்கள். அஞ்சலையைப் புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அந்த நோய் குணமாவதில்லை, மேலே போகாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அவளைத் தூசி இல்லாத பேக்கிங் வேலைக்கு மாற்றினார்கள். இவ்வளவுதான் கிடைத்தது. ஒன்றுமே கிடைக்கவில்லை என்றும் சொல்ல முடியாது.

இவள் வேலை போயிற்று. சங்கத்தின் தயவு இல்லாமல் அந்த கம்ப்யூட்டர் சென்டர் அந்த ஊரில் நடக்க முடியாது. பெங்களூருக்குப் போனாள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

போவதற்கு முன்னால் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். சங்கத்துக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தால் வேலையில் இருக்கலாம் என்று சென்டர் முதலாளி அவளிடம் கெஞ்சியிருந்தார். அவள் என் மேசைக்கு வந்து, "அக்கா, ஒரு லெட்டர் அடிச்சுத் தரீங்களா?" என்றாள். எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. காட்டிக்கொள்ளாமல் டைப்ரைட்டரில் தாளைச் சொருகினேன். அவள் நின்றுகொண்டே சொன்னாள், நான் அடித்தேன்.

'முகாமின் முதல் நாள் என் படிவத்தில் பிழை இருந்தது. பட்டியலில் பெயர் இல்லாதவர்களுக்கு அதில் நான் இடம் வைக்கவில்லை. அதனால் அவர்கள் அரை மணி நேரம் காத்திருக்க நேர்ந்தது. அதற்காக அவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். வேறு எதற்காகவும் எனக்கு வருத்தம் இல்லை.'

கையெழுத்துப் போட்டாள். "ரெண்டு காப்பி வேணும்க்கா. ஒண்ணு செக்ரட்டரி சாருக்கு. இன்னொண்ண அஞ்சலையக்காகிட்ட நீங்க குடுத்துடுங்க. மன்னிப்பு அவங்ககிட்டதான் கேட்டிருக்கேன்."

மறுநாள் சாப்பாட்டு வேளையில் பேக்கிங் கொட்டகைக்குப் போனேன். அஞ்சலை ஃபியூஸ் கட்டைகளை வைக்கோலில் சுற்றிக்கொண்டிருந்தாள். படிக்கத் தெரியாது என்றாள். நான் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, திரும்பவும் ஒருமுறை படிக்கச் சொன்னாள்.

"அரமணி நேரம் நிக்க வெச்சதுக்கா இத்தினி எழுதுச்சு அந்தப் பொண்ணு?"

"ஆமா."

"பதினோரு வருஷம் மில்லுல நிக்க வெச்சாங்களே. அதுக்கு யாரு எழுதித் தருவாங்க?"

அவள் என்னைக் கேட்கவில்லை, பொதுவாகத்தான் கேட்டாள். ஆனால் அங்கே நான்தான் நின்றிருந்தேன். ஆபீஸுக்குத் திரும்பி, புதுத் தாளைச் சொருகி, அவள் கேட்டதை ஒரு எழுத்து மாறாமல் அடித்தேன். மேலே பெறுநர் என்று செயலாளரைப் போட்டேன். கீழே அஞ்சலையின் பெயரையும், பால்மில் தொழிலாளி என்று அவள் வேலையையும் போட்டேன். சாயங்காலம் வேலை விடும் நேரத்தில் போய் அவளிடம் கைநாட்டு வாங்கி வந்து, செயலாளரின் மேசையில் நானே கொண்டுபோய் வைத்தேன்.

"யாரும்மா இத அடிச்சது?" என்றார்.

"நான்தான் சார்" என்றேன்.